மீன் கழுவிய புளித்தண்ணீர்

கடலில் நீந்திக்கொண்டிருக்கும் மீனுக்கு மீன் வாடை கிடையாது. விடியற்காலையில் வலையிலிருந்து உதறிய மத்தியையோ சங்கராவையோ கரையிலேயே கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உப்புக்காற்றின் நெடியும் லேசான பச்சை வாசமும் இருக்கும், அவ்வளவுதான். அதே மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, சந்தைக்கு வந்து, ஒரு பகல் கழிந்து அடுப்படிக்குள் நுழையும்போது, அடுத்த வீட்டுக்காரருக்கும் சேதி தெரிந்துவிடுகிறது. இடையில் நடப்பது ஒரு வேதிவினை. அது புரிந்தால் சமையலறையின் பாதி வாடைகளுக்கு மருந்து கிடைத்துவிடும்.

கடல்மீனின் தசையில் ட்ரைமெத்தில்அமீன் ஆக்சைடு என்ற சேர்மம் இருக்கிறது. கடலின் உப்பும் ஆழத்தின் அழுத்தமும் உடலின் புரதங்களைக் குலைத்துவிடாமல் காப்பது அதன் வேலை. ஆழம் கூடக்கூட மீன்களின் உடலில் அதன் அளவும் கூடுகிறது. சுமார் 8,200 மீட்டருக்குக் கீழே மீன்கள் வாழ முடியாததற்கு இந்தச் சேர்மம் எட்டிவிடும் உச்ச அளவே காரணமாக இருக்கலாம் என்று 2014-இல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இந்த ஆக்சைடுக்கு வாடை ஏதும் இல்லை.

மீன் செத்ததும் கதை மாறுகிறது. தோலிலும் செவுளிலும் குடலிலும் குடியிருந்த பாக்டீரியாக்கள் தசைக்குள் பரவுகின்றன. அங்கே அவற்றுக்குப் போதுமான ஆக்சிஜன் இல்லை. ஆகவே அந்த ஆக்சைடில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. மிஞ்சுவது ட்ரைமெத்தில்அமீன். அதன் கொதிநிலை ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் அறை வெப்பத்தில் அது வாயுவாகவே கிளம்பி மூக்கை அடைகிறது. மீன் வாடை என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வாங்கிய உடனே செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு ஐஸில் வைக்கச் சொல்வதன் காரணமும் இதுவே: பாக்டீரியாவின் தொகையும் குறையும், வேகமும் குறையும்.

சுறாவும் திருக்கையும் இன்னொரு வகை. அவை உடலில் யூரியாவையும் ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைத்துவிடும். சுறாப்புட்டுக்கு மீனை முதலில் வேகவைத்து, தோலை உரித்து, சதையை நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் உதிர்ப்பார்கள். யூரியாவும் அம்மோனியாவும் நீரில் எளிதில் கரைபவை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டும்போது அவையும் அதோடு போய்விடுகின்றன.

அமீன், அம்மோனியா இரண்டும் காரங்கள். காரத்தோடு அமிலம் சேர்ந்தால் உப்பு உருவாகும் என்பது பள்ளிப் பாடம். ட்ரைமெத்தில்அமீனோடு புளியின் டார்டாரிக் அமிலம் சேரும்போது பிறக்கும் உப்பு காற்றில் ஆவியாவதில்லை. நீரில் கரைந்து, கழுவும்போது ஓடிவிடும். வாடையை இன்னொரு வாசனையால் மூடுவது வேறு, அதைப் பறக்க முடியாமல் செய்வது வேறு. புளித்தண்ணீர் செய்வது இரண்டாவது வேலை. அமிலத்தன்மை பி.எச். அளவில் ஒரு படி கூடினால், ஆவியாகக்கூடிய அமீனின் பங்கு பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. நடுநிலையில் இருக்கும் மீனைப் பி.எச். 4 வரை புளிப்பாக்கினால் அந்தப் பங்கு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

எந்த ஊரில் எந்தப் புளிப்பு கிடைக்கிறதோ அது மீன்சட்டிக்குள் போயிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் குடம்புளி, இலங்கையில் கொறுக்காய்ப்புளி, வேறு இடங்களில் எலுமிச்சை, மாங்காய், வினிகர். அமிலத்தின் பெயர் மாறுகிறது, வினை மாறுவதில்லை. மீன் கழுவும்போது சேர்க்கும் மஞ்சளுக்கும் ஒரு பங்கு உண்டு. நுண்ணுயிர்களைத் தடுக்கும் குணம் அதற்கு இருப்பது ஆய்வகங்களில் தெரிந்திருக்கிறது. ஆனால் வாடையை எடுத்த பெருமை புளிக்கும், கல்லுப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்புக்கும், நாலைந்து முறை மாற்றிய தண்ணீருக்குமே சேர வேண்டும்.

இங்கே பலரும் இடறும் ஓர் இடம் இருக்கிறது. மீன் ஆய்ந்த கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் வாடை போகாது. சில சமயம் கூடவும் செய்யும். குளியல் சோப்புக் கட்டியின் நுரை காரத்தன்மை உடையது, பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். அந்த நிலையில், உப்பாக அடங்கிக் கிடந்த அமீன் விடுபட்டு மறுபடி வாயுவாகிவிடுகிறது. முதலில் புளிச்சக்கையாலோ பிழிந்த எலுமிச்சை மூடியாலோ விரல் இடுக்குகளைத் தேய்த்து, தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகு சோப்புப் போடுவதே சரியான வரிசை. அரிவாள்மனைக்கும் மரப்பலகைக்கும் இதே முறைதான். மீன் வாடைக்கு ஆப்ப சோடா போடச் சொல்பவர்கள் வினையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். சோடாவும் காரம், வாடையும் காரம்.

குளத்து மீனுக்கும் ஆற்று மீனுக்கும் இந்த ஆக்சைடு மிகக் குறைவு. கெளுத்தியிலும் விராலிலும் வரும் சேற்று வாடைக்கு வேறு காரணம்: ஜியோஸ்மின் என்ற சேர்மம். நீரிலும் மண்ணிலும் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் ஆக்டினோமைசீட்ஸ் வகை பாக்டீரியாக்களும் அதை உண்டாக்குகின்றன. கோடை மழையின் முதல் தூறலில் எழும் மண்வாசனையிலும் இதே ஜியோஸ்மின் உண்டு. அதற்கு இந்தப் பெயர் கிடைத்தது 1965-இல். மனித மூக்கு இதில் வியக்கத்தக்க கூர்மை உடையது. லட்சம் கோடிப் பங்கு நீரில் பத்துப் பங்கு கலந்திருந்தால்கூட அடையாளம் கண்டுகொள்ளும். மண்ணில் எழும்போது மனதை மயக்கும் அதே பொருள் குழம்பில் வந்தால் முகம் சுளிக்க வைக்கிறது.

ஜியோஸ்மின் அமீன் அல்ல. ஆனால் அமிலத்தில் அது சிதைந்து வாடையற்ற வேறொரு பொருளாக மாறிவிடும். ஆக, குளத்து மீனிலும் புளிதான் வெல்கிறது, வேறு வழியில். இன்னும் நல்ல வழி, மீன் உயிரோடு இருக்கும்போதே அதைத் தெளிந்த நீரில் சில நாள் விட்டுவைப்பது. மீன் பண்ணைகளில் விற்பனைக்கு முன் இப்படிச் செய்வது வழக்கம். உடலின் கொழுப்பில் தேங்கிய ஜியோஸ்மின் செவுள் வழியாக மெல்ல வெளியேறிவிடும்.

மூக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அந்த மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இவற்றுக்கு அப்பால் அமீன்களுக்கென்றே ஒரு சிறு ஏற்பிக் கூட்டம் இருக்கிறது. அதில் ஒன்று ட்ரைமெத்தில்அமீனைப் பிடிப்பது. ஐஸ்லாந்தில் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அந்த ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றம் உடையவர்களுக்கு மீன் வாடை அவ்வளவு உறைக்கவில்லை என்று தெரிந்தது. அது என்ன வாடை என்று சரியாகச் சொல்லவும் அவர்களில் பலரால் முடியவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் மூக்கைப் பொத்த, இன்னொருவர் "வாடையே இல்லையே" என்றால் இருவரும் உண்மையே பேசக்கூடும். தவிர, எந்த மூக்கும் ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் பழகிப்போகும். தன் வீட்டுச் சமையலறையை மதிப்பிட வேண்டுமானால் பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்து முகர வேண்டும்.

இந்தப் பழக்கத்தையே நம்பிச் சந்தையில் பல பொருள்கள் விற்கின்றன. ரூம் ஸ்பிரே, வாசனை மெழுகுவத்தி, ஊதுபத்தி எதுவும் வாடை மூலக்கூறைத் தொடுவதில்லை. அதற்கு மேல் இன்னொரு வாசனையை ஏற்றுகின்றன. இயற்கையானது என்ற பெயரும் இதை மாற்றிவிடாது. எலுமிச்சைத் தோலின் மணத்துக்குக் காரணமான லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரியும்போது ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. சாம்பிராணிப் புகையில் நுண்துகள்கள் நிறைய. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மூடிய சமையலறைக்குள் அதைப் போடுவது நல்லதல்ல. பூஜைக்குப் போடுவது அவரவர் விருப்பம். மீன் வாடைக்குப் போட வேண்டியதில்லை.

இனி அமில வாடைகள். பொங்கி வழிந்து அடுப்பிடுக்கில் காய்ந்த பால், குளிர்பெட்டியில் புளித்துச் சிந்திய இட்லி மாவு, கெட்டுப்போன வெண்ணெய் ஆகியவற்றில் அசெட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்கள் கிளம்புகின்றன. இவற்றுக்குத்தான் ஆப்ப சோடா. சோடியம் பைகார்பனேட் அந்த அமிலங்களை ஆவியாகாத உப்பாக்கிவிடும். சிந்திய இடத்தில் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்தால் பலன் தெரியும்.

குளிர்பெட்டிக்குள் ஒரு டப்பா சோடா வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1972-இல் ஆர்ம் அண்ட் ஹேமர் நிறுவனம் செய்த விளம்பரத்தால் பரவியது. டப்பாவின் வாய் குறுகலாக இருந்தால் சோடா மாவின் மேற்பரப்பு மட்டுமே காற்றைத் தொடும், அடியில் இருப்பது வீண். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் கொஞ்சம் பயன் உண்டு. அப்போதும் அது அமில வாடையை மட்டுமே ஓரளவு பிடிக்கும். கருவாட்டைத் திறந்த தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சோடா வைப்பதில் பொருளில்லை. இறுக மூடிய கண்ணாடிப் புட்டிதான் கருவாட்டுக்கு வழி.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றி, நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வது இப்போது பரவலாக இருக்கிறது. நுரை வெறும் கார்பன் டைஆக்சைடு. பொங்கி அடங்கிய பின் மிஞ்சுவது தண்ணீரும் சோடியம் அசெடேட்டும். காரமும் போயிற்று, அமிலமும் போயிற்று. இரண்டையும் தனித்தனியே, எதற்கு எது என்று பார்த்துப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல மருந்து. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் மட்டும் வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், அவித்த முட்டை ஆகியவற்றின் வாடை கந்தகச் சேர்மங்களிலிருந்து வருகிறது. இங்கே புளிக்கும் சோடாவுக்கும் பெரிய பிடிமானம் கிடையாது. வராமல் தடுப்பதே மேல். முட்டைக்கோஸை எவ்வளவு நேரம் வேகவிடுகிறோமோ அவ்வளவு கந்தக வாயு வெளியேறும். பொடியாக நறுக்கிச் சட்டென்று வதக்கி இறக்கினால் வாடையும் இராது, சுவையும் கெடாது. முட்டையை வேண்டிய நேரம் மட்டும் அவித்துக் குளிர்ந்த நீரில் போட்டால், வெள்ளைக்கருவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புவது குறையும். பூண்டு வாடை வாயிலிருந்து மட்டும் வருவதல்ல. அல்லைல் மெத்தில் சல்பைடு ரத்தத்தில் கலந்து, மூச்சோடு மணிக்கணக்கில் வெளியேறும். சமைக்காத ஆப்பிளும் புதினாவும் சாப்பிட்டால் மூச்சிலுள்ள இந்தக் கந்தகச் சேர்மங்கள் குறைவதை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். எவர்சில்வர் கரண்டியில் விரலைத் தேய்த்தால் பூண்டு வாடை போகும் என்பதற்கு அப்படி உறுதியான சான்று இல்லை.

அமிலம், காரம், கந்தகம் என்ற பாகுபாட்டைப் பெரிதாகப் பாராட்டாத ஒரு பொருளும் சமையலறையில் காலங்காலமாக இருந்துவந்தது: கரி. அதன் ஆற்றலை 19-ஆம் நூற்றாண்டு அறிந்த விதம் கொஞ்சம் கோரமானது. கிளாஸ்கோவில் ரசாயனத் தொழில் நடத்திய ஒருவர், செத்த நாய்கள் இரண்டை ஒரு மரப்பெட்டியில் கரித்தூள் பரப்பி அதன்மேல் கிடத்தி, மேலும் கரித்தூளால் மூடினார். பெட்டிக்கு மூடி கிடையாது. அவருடைய ஆய்வகத்திலேயே மாதக்கணக்கில் அது இருந்தும் வாடை எழவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்புகளைத் தவிர ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் இதை எழுதி வைத்தார். 1854-இல் கரியைப் பயன்படுத்திக் காற்று வடிகட்டியையும் முகக்கவசத்தையும் உருவாக்கினார். கெட்ட காற்றே நோய் பரப்புகிறது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கை பொய்த்துப்போனாலும் அவருடைய கரி நிலைத்துவிட்டது.

கரி வாடையை உறிஞ்சி வயிற்றில் அடைத்துக்கொள்வதில்லை; தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதே கேள்வி. நீராவியைச் செலுத்தி 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் திறக்கும். அப்படிச் செய்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர் வரை இருக்கும், அதாவது கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம். தேங்காய்ச் சிரட்டைக் கரியில் இந்தத் துளைகள் மிக நுண்ணியவை, வாயு மூலக்கூறுகளைப் பிடிக்க ஏற்றவை. முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குச் சிரட்டைக் கரி தேடப்பட்டதற்குக் காரணம் இதுவே. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலும் இலங்கையிலும் சிரட்டையிலிருந்து இந்தச் செறிவூட்டிய கரி இன்று தொழிற்சாலைகளில் தயாராகி ஏற்றுமதியாகிறது. உலகத்தின் வாடையைப் பிடிக்க அனுப்பும் பொருளை உள்ளூர்ச் சமையலறைகள் அதிகம் வாங்குவதில்லை என்பது வருத்தமே.

அடுப்புக்கரியும் வேலை செய்யும், இதைவிட மிகக் குறைவாக. துணிப்பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைக்கலாம்; சில வாரத்தில் மாற்ற வேண்டும். வெயிலில் காயவைத்தால் ஈரமும் எளிதில் விடுபடும் சில வாயுக்களும் போகும், மற்றவை போகாது. காப்பிச் சக்கையைப் பற்றியும் இதே தெளிவு தேவை. நியூயார்க் சிட்டி கல்லூரியில் தெரெசா பாண்டோஸ் குழுவினர் காப்பிச் சக்கையிலிருந்து செய்த கரி ஹைட்ரஜன் சல்பைடை நன்றாகப் பிடித்ததாக 2012-இல் வெளியிட்டார்கள். அது உலையில் சுட்டுக் கரியாக்கிய சக்கை. ஃபில்டரிலிருந்து தட்டிய ஈரச் சக்கைக்கு அந்தச் சக்தி இல்லை, இரண்டு நாளில் பூஞ்சை வேறு பிடிக்கும்.

பொரித்த வாடை காற்றில் இருப்பதைவிடச் சுவரில் இருப்பதே அதிகம். எண்ணெய் புகையும்போது நுண்துளிகள் பறந்து எக்ஸாஸ்ட் விசிறியிலும் அலமாரியின் மேல்தட்டிலும் படிகின்றன. அந்தப் படலம் காற்றோடு சேர்ந்து மஞ்சளித்துப் பிசுக்காகிறது. காறலடித்த சிக்கு வாடையை நாள் முழுக்க விட்டுக்கொண்டேயிருக்கிறது. அதற்கு எதிரி காரமும் சபோனினும். பாட்டிமார்கள் பாத்திரத்துக்குப் போட்ட சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு, அது கொழுப்போடு சேர்ந்து சோப்பாகவே மாறும். சீயக்காயில் இருக்கும் சபோனின் எண்ணெயையும் நீரையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். சலவை சோடா கரைத்த வெந்நீர் இவற்றைவிட வேகமானது. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் அது படக்கூடாது, உலோகத்தையே அரித்துவிடும்.

எல்லாம் துடைத்தும் ஒரு மக்கல் வாடை தொடர்கிறதென்றால் துடைத்த துணியைச் சந்தேகிக்க வேண்டும். ஜெர்மனியில் 2017-இல் வெளியான ஆய்வு, வீடுகளில் பயன்படுத்திய 14 ஸ்பாஞ்சுகளைச் சோதித்தது. சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டரில் 5,000 கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்திருந்தன. அவற்றில் முக்கியமானது மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். ஈரத்துணியின் மக்கல் வாடையை உண்டாக்குவது இதுதான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். ஸ்பாஞ்சைச் சிறப்பாகச் சுத்தம் செய்வதாகச் சொன்னவர்களின் ஸ்பாஞ்சிலும் இதன் பங்கு குறைந்திருக்கவில்லை. வாரம் ஒரு முறை மாற்றிவிடுங்கள் என்பதே ஆய்வாளர்களின் அறிவுரை. தேங்காய் நாரோ பீர்க்கங்கூடோ சீக்கிரம் காய்ந்துவிடும். பிழிந்து வெயிலில் உலர்த்தும் கைத்துணிக்கும் இதே நன்மை உண்டு.

கடைசியாக சிங்க். அதன் அடியில் குழாய் வளைந்திருப்பதற்குக் காரணம், 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக் கலைஞர் கழிப்பறைக்காகக் காப்புரிமை பெற்ற வடிவம். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடை வாயு அதைத் தாண்டி மேலே வராது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வீடுகளில் அந்த நீர் ஆவியாகி வற்றியிருக்கும். கதவைத் திறந்ததும் அடிக்கும் வாடை அதிலிருந்துதான். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் வழி அடைபட்டுவிடும். ஊற்றிய பிறகும் வாடை வந்தால், வளைவே இல்லாமல் குழாயை நேராகச் சாக்கடையில் இறக்கியிருக்கிறார்களா என்று குனிந்து பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் புளி, சோடா, கரி எதுவும் உதவாது. பிளம்பரைக் கூப்பிட்டு வளைவு வைக்கச் சொல்ல வேண்டும்.